தொக்கு நின்ற மொழிப்பட்டை

விகாரப் புணர்ச்சி நடத்தும்போது மாணவர்க்கு நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு. சொற்கள் சேருமிடத்தில் மூன்று மாற்றங்கள் நிகழலாம். புதிதாக ஓர் எழுத்துத் தோன்றலாம், இருந்தது வேறொன்றாகத் திரியலாம், இருந்தது கெடலாம். பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்போது ஒரு மெல்லெழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது னகரம் றகரமாகத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. இம்மூன்றையும் மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வர். அவர்கள் தடுமாறும் இடம் தொகைநிலைத் தொடர். 'பால் குடித்தான்' என்பதில் ஐ உருபு எங்கே என்று வினவினால், "கெட்டுப்போச்சு சார்" என்பர். அது கெடவில்லை, தொக்கு நிற்கிறது. கண்ணுக்குப் புலப்படாவிடினும் பொருளில் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. 'பாலைக் குடித்தான்' என விரித்தால் வந்து நிற்கும். இல்லாமற் போவது வேறு. மறைந்து நிற்பது வேறு.

இந்த வேறுபாடு கணினிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற மார்கழியில் ஒரு முதியவரின் மடிக்கணினி முன் அமர்ந்து கண்டோம். அதனை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதே இடர்ப்பாடு இப்போது பல வீடுகளில், குறிப்பாக வயது முதிர்ந்த எழுத்தாளர்களின் மேசைகளில், நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதே.

நமக்குத் தொல்காப்பியம் கற்பித்த பேராசிரியர் ஒருவர் பாளையங்கோட்டையில் வசிக்கிறார். வயது எழுபத்து நான்கு. ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. தம் பெயர் எங்கும் வருவதை விரும்பாதவர்; ஆகவே ஐயா என்றே குறிப்போம். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக்குச் சொல்லகராதி தொகுத்ததுபோலத் தாமிரபரணி பாயும் நஞ்சை நிலத்துக்கு ஒரு சொற்றொகுதி வேண்டும் என்பது ஐயாவின் நெடுநாள் எண்ணம். கோடைமேலழகியான் அணைக்கட்டு முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்க் கரைகளில் நடந்து நடந்து அவர் சேர்த்த சொற்கள் மூவாயிரத்தைத் தாண்டும். தலைமடை, கடைமடை, மறுகால், கலுங்கு, கார், பிசானம், நீர்பாய்ச்சி என்று அகராதிகள் அறிந்த சொற்களும் உண்டு. ஓர் ஊரின் ஒரே குளத்தில் மட்டும் வழங்கும் சொற்களும் உண்டு. சொல்லிக்கொடுத்த பெரியவர்களுள் பலர் இன்று இல்லை. சில சொற்களுக்கு ஐயாவின் கோப்பே கடைசி இருப்பிடம்.

இத்தனையையும் அவர் தம் கையாலேயே தட்டச்சு செய்துவந்தார். பழகியது தமிழ் 99 விசைப்பலகை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த அந்த அமைப்பைப் பற்றித் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில், பன்னிரண்டும் பதினெட்டும் ஒரு புள்ளியுமாக 31 விசைகள். அகர உயிர்மெய்யை அடித்து உயிரைச் சேர்த்தால் உரிய உயிர்மெய் பிறக்கும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலதன்மேல் புள்ளி தானே வந்து அமரும். "இலக்கணம் தெரிஞ்சவன் போட்ட பலகை" என்பார் ஐயா.

ஐயாவுக்கு வலக்கண் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. திரையின் அடிக்கோடியில் கடுகளவு தெரியும் குறிகளை அவரால் படிக்க இயலாது. ஆதலால் முன்பு அவருடைய மடிக்கணினியின் மேசைத்தளத்தில், வலப்புற மேல் மூலையில், மொழிப்பட்டை மிதந்து நிற்குமாறு யாரோ ஒரு மாணவர் அமைத்துத் தந்திருந்தார். இப்போது அடிப்பது எம்மொழி என்பதை அது பெயரெழுதிக் காட்டும். அதன்மேல் சொடுக்கினால் மொழி மாறும். குறுக்குவிசைகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐயாவுக்கு அது ஒரு கைத்தடி மாதிரி.

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு முடிவுக்கு வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வாராத கணினியில் வங்கிக் கணக்கையும் ஓய்வூதிய விவரத்தையும் பார்ப்பது நல்லதன்று என்று வெளியூரிலிருக்கும் மகன் வற்புறுத்தினார். 2019-இல் வாங்கிய மடிக்கணினி ஆதலின் புதிய பதிப்பை ஏற்கும் தகுதி அதற்கு இருந்தது. கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் பொறுப்பானவரே, கோப்புகள் அனைத்தையும் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, வட்டைத் துடைத்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி, கோப்புகளை மீண்டும் உரிய இடத்தில் வைத்துத் திருப்பித் தந்தார். இரண்டு நாளில் வேலை முடிந்தது.

மூன்று வாரம் கழித்துத்தான் ஐயா நமக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பி, பெட்டியில தமிழ் போயிட்டு" என்றார். குரலில் பதற்றம் இல்லை. அதுதான் நம்மை உறுத்தியது.

ஞாயிறன்று போனோம். ஐயா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கை நடுக்கத்தில் எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. அம்மா காப்பி கொடுத்துவிட்டு, "மூணு வாரமா அந்தப் பெட்டியத் தொடவே இல்ல. மூடி வச்சிட்டாங்க" என்றார்கள். ஐயா நோட்டை மூடினார். "இங்கன நின்ன பட்டையக் காணல. அதுகூடப் பரவால்ல. பொஸ்தகத்துல இருபத்து மூணு பக்கத்தையும் காணல. போதும், இனி எழுதாதேன்னு சொல்லுதோ என்னமோ" என்று சிரித்தார்.

இருபத்து மூன்று பக்கம் என்ற சொல் கேட்டதும் நமக்குத் திக்கென்றது. 286 பக்கம் இருந்த கோப்பு 263 பக்கமாகத் தெரிகிறதாம். அதிலும் நூலின் இறுதியில் அவர் கையாலேயே அமைத்திருந்த சொல்லடைவு ஒரு பக்க எண்ணிலும் பொருந்தவில்லையாம். தாம் சேர்த்த சொற்களில் ஒரு பகுதி அழிந்தேபோயிற்று என்று ஐயா முடிவுக்கு வந்திருந்தார். எவை அழிந்தன என்று தேடிப் பார்க்கவும் மனம் வரவில்லை. தேடினால் இன்னின்ன சொற்கள் இல்லை என்று உறுதியாகிவிடும் அல்லவா?

இத்தகைய இடத்தில் எதையும் மாற்றுவதற்கு முன் உள்ளதை உள்ளபடி பார்ப்பது முறை. சுவடிப் பதிப்பாசிரியர் பாடத்தைத் திருத்துமுன் பாடவேறுபாட்டைக் குறித்துக்கொள்வதுபோல. கோப்பினைப் பிரதியெடுத்து ஒரு விரலியில் வைத்துவிட்டு, ஐயாவிடம் ஒரு வினா மட்டும் கேட்டோம். "நாட்குறிப்பில் எண்ணிக்கை எழுதி வைக்கும் வழக்கம் உண்டே, கடைசி எண் என்ன?" எடுத்துப் பார்த்தார். 3,118 என்றிருந்தது. கோப்பின் கடைசிப் பதிவுக்குப் போனோம். அங்கும் 3,118. இடையே அங்கங்கே பத்து இடங்களில் எண் வரிசையைச் சரிபார்த்தோம். ஓர் எண்ணும் விடுபடவில்லை. ஒரு சொல்லும் போகவில்லை என்று சொன்னோம். ஐயா நம்பியதாகத் தெரியவில்லை. ஆயினும் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் மொழிப்பட்டை. பணிப்பட்டையின் வலக்கோடியில் மொழியைக் காட்டும் குறியே இல்லை. இது ஒரு நல்ல தடயம். கணினியில் ஒரே ஒரு விசைப்பலகை இருக்குமாயின் அக்குறி தோன்றாது. மாற்றிக்கொள்ள வேறொன்று இல்லாதபோது மாற்றும் குறி எதற்கு? 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' என்பதன்கீழ் மொழிப்பட்டியலைத் திறந்து பார்த்தோம். ஆங்கிலம் மட்டுமே இருந்தது. புதிதாக நிறுவியபோது கோப்புகள் பிரதியாயின, அமைப்புகள் பிரதியாகவில்லை. தமிழ் அந்தப் பெட்டியிலிருந்து நீக்கப்படவில்லை. அதற்கு இன்னும் அழைப்பே போகவில்லை.

இந்திய நாட்டுத் தமிழைப் பட்டியலில் சேர்த்தோம். தமிழுக்குள்ளேயே பல விசைப்பலகைகள் உண்டு என்பதைப் பலர் அறியார். இன்ஸ்கிரிப்ட் வழிவந்த பழைய அமைப்பு ஒன்று, ஒலிபெயர்ப்பு முறை ஒன்று, அஞ்சல் ஒன்று, தமிழ் 99 ஒன்று. 2019-ஆம் ஆண்டு மே மாத விண்டோஸ் 10 பதிப்பு முதல் தமிழ் 99 இயங்குதளத்தினுள்ளேயே கிடைக்கிறது. தனி மென்பொருள் தேவையில்லை. தமிழின் 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் விசைப்பலகைகளின் பட்டியலிலிருந்து தமிழ் 99-ஐச் சேர்த்துவிட்டு மற்றதை நீக்கினோம். ஒன்றுக்கு மேல் இருந்தால் மொழி மாற்றும்போது தவறான தமிழில் போய் நிற்கும். முதியவர்க்கு அது இன்னொரு குழப்பம். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினோம். தமிழ் வந்தது. ஆனால் மிதக்கும் பட்டை வரவில்லை. அடிக்கோடியில் சிறியதொரு குறி மட்டுமே வந்தது. "இது எனக்குத் தெரியாதே தம்பி" என்றார் ஐயா.

இந்தப் பட்டையின் வரலாற்றைச் சற்றே சொல்லவேண்டும். மொழிப்பட்டை பலருக்கும் அறிமுகமானது 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். அந்நாளில் ஒருங்குறித் தமிழ் தெரியவேண்டுமாயின் கடினவரிவடிவ மொழிகளுக்கான கோப்புகளைக் குறுவட்டிலிருந்து தனியே நிறுவவேண்டும். இல்லையேல் கட்டம் கட்டமாகத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் குறுவட்டு யார் கையில் இருக்கிறது என்று தேடி அலைந்த மாலைகள் பல. கோப்புகளை நிறுவி, தமிழைச் சேர்த்ததும் மேசைத்தளத்தில் அந்தச் சிறு பட்டை வந்து நிற்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது அதன் இடத்தில் பணிப்பட்டைக் குறி இயல்பு நிலையாயிற்று. பழைய பட்டையை விலக்கவில்லை. கேட்டால் மட்டும் வரும்படி உள்ளே வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 10-லும் 11-லும் அதே நிலைதான். ஐயாவின் பழைய அமைப்பிலும் அதனை யாரோ கேட்டுத்தான் வரவழைத்திருந்தார்.

அதைக் கேட்கும் இடம் இது: 'செட்டிங்ஸ்', அதனுள் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதனுள் 'டைப்பிங்', அதனுள் 'அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ்'. அங்கே மேசைத்தள மொழிப்பட்டையைப் பயன்படுத்துக என்னும் பொருள்பட ஒரு கட்டம் இருக்கும். அதில் குறியிடவேண்டும். அதன் அருகிலேயே மொழிப்பட்டை விருப்பங்களுக்கான இணைப்பும் உண்டு. அதனைத் திறந்தால் மூன்று நிலைகள் காட்டும்: மேசைத்தளத்தில் மிதப்பது, பணிப்பட்டையில் அடங்கியிருப்பது, மறைந்திருப்பது. முதலாவதைத் தேர்ந்தோம். பயன்படாத வேளையில் பட்டை கண்ணாடிபோல் மங்கும் வசதியை நிறுத்தினோம். குறிகளோடு பெயரையும் எழுத்தில் காட்டும் வசதியை இயக்கினோம். பார்வை குறைந்தவர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் பட்டை வந்து நின்றது. அதனை இழுத்து வலப்புற மேல் மூலையில் வைத்தோம்.

இவ்வளவும் செய்தும் பட்டை வாராவிடின், மொழிச் சேவையை இயக்கும் சிடிஎஃப்மான் என்னும் சிறுநிரல் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்கவேண்டும். ஐயா வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது, தேவைப்படவில்லை. நினைவிற்காகக் குறிக்கிறோம்.

இரண்டாவது, காணாமற்போன பக்கங்கள். சொல் ஒன்றும் குறையாமல் பக்கம் மட்டும் குறைந்தது எப்படி? ஐயாவின் கோப்பு முழுவதும் லதா எழுத்துருவில் அமைந்தது. விண்டோஸ் 2000 காலந்தொட்டு இயங்குதளத்தோடு வந்த எழுத்துரு அது. நம் தலைமுறையின் ஆய்வேடுகள் பலவும் அதில்தான் அச்சாயின. 2012-இல் விண்டோஸ் 8-உடன் நிர்மலா வந்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் விருப்பப் பகுதிக்குச் சென்றுவிட்டன. தமிழை மொழிப்பட்டியலில் சேர்த்தவர்க்கே அவை வந்திறங்கும். ஐயாவின் கணினியில் தமிழ் சேர்க்கப்படாததால் லதா இல்லை. லதா இல்லாதபோது சொற்செயலி வேறோர் எழுத்துருவை அதன் இடத்தில் அமர்த்திக் காட்டுகிறது. இரண்டுக்கும் எழுத்தகலமும் வரியுயரமும் வேறு. ஒரு வரிக்கு மயிரிழை குறைந்தாலும் பல்லாயிரம் வரிகளில் இருபத்து மூன்று பக்கம் குறையாதா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்துருப் பெட்டியில் லதா என்னும் பெயர் அப்படியே இருந்தது. பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. வேர்டு செயலியின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதன்கீழ் 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' என்றொரு பொத்தான் உண்டு. எதற்குப் பதிலாக எது நிற்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். அதனைத் திறந்து ஐயாவுக்குக் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருமுறை படித்தார். "அப்போ பக்கம் போகல. ஆளு மாறியிருக்கு" என்றார். திரிதல் என்று நாம் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

தமிழைச் சேர்த்ததும் லதா தானே வரவேண்டும். ஆயினும் அன்று ஐயா வீட்டில் இணையம் கைபேசி வழியாக வந்துகொண்டிருந்தது. காத்திராமல் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்னும் பகுதியைத் தேடித் திறந்து, தமிழ்த் துணை எழுத்துருக்களை நாமே கேட்டுப் பெற்றோம். கோப்பை மூடித் திறந்தோம். கீழே பக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 286-இல் நின்றது. சொல்லடைவில் 'மறுகால்' என்னும் சொல்லுக்கு எதிரே இருந்த எண் 194. அந்தப் பக்கத்துக்குப் போனோம். மறுகால் அங்கேயே இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கெடச்சிட்டா?" என்றார்கள். ஐயா விடை சொல்லாமல் இன்னும் நான்கு சொற்களைத் தேடிப் பார்த்தார். பிறகுதான் தலையசைத்தார்.

மூன்றாவது, பழைய குறிப்புகள். 2002, 2003 ஆண்டுகளில் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய உரையாடல்கள் பன்னிரண்டு கோப்புகளில் இருந்தன. திறந்தால் மேற்கொம்பும் கீழ்வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தன. அவை திஸ்கிக் குறியேற்றத்தில் அமைந்தவை. ஒருங்குறி பரவுமுன் இணையத்தில் தமிழ் வளர்த்த முறைகளுள் திஸ்கி முதன்மையானது. முந்தைய கணினியில் அதற்குரிய எழுத்துரு நிறுவப்பட்டிருந்தது. எழுத்துருக்கள் இயங்குதளத்தின் அடைவில் இருப்பவை. வட்டைத் துடைத்தபோது அதுவும் போயிற்று. கோப்பு கெடவில்லை, படிக்கும் திறவுகோல்தான் இல்லை.

அந்த எழுத்துருவை மறுபடி நிறுவுவதைவிட ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே நிலையான வழி. அக்காலத்தில் சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் செய்த தொண்டு சிறிதன்று. இந்த மாற்றம் எழுத்துக்கு எழுத்து மாற்றிவைக்கும் எளிய வேலையன்று. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்படும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னும். அதாவது திஸ்கி எழுதும் முறையைப் பின்பற்றியது. ஒருங்குறி ஒலிக்கும் முறையைப் பின்பற்றுகிறது. ஆகவே இடம் மாற்றி அடுக்கவேண்டும். பன்னிரண்டு கோப்புகளையும் மாற்றிப் பழையதையும் அழிக்காமல் வைத்தோம். மாற்றிய முதற் கோப்பில் ஒரு நீர்பாய்ச்சியின் பேச்சு இருந்தது. ஐயா அதனை வாய்விட்டுப் படித்தார். அந்த மனிதரின் குரலிலேயே படித்தார்.

நான்காவதாக ஒன்று உண்மையாகவே போயிருந்தது. வேர்டு செயலியில் தமிழ்ப் பிழைதிருத்தி அறியாத சொற்களின் அடியில் சிவப்புக் கோடு இடும். ஐயாவின் சொற்களில் பாதிக்குமேல் அது அறியாதவை. பல ஆண்டுகளாக ஒவ்வொன்றின்மீதும் சொடுக்கி 'அகராதியில் சேர்' என்று சேர்த்துவந்திருந்தார். அவ்வாறு சேர்ந்தவை கஸ்டம் டிக் என்னும் சிறு கோப்பில், பயனர் கணக்கின் மறைவான ஓர் அடைவில் இருப்பவை. ஆவணங்கள் அடைவில் இல்லாமையால் பிரதியில் அது வரவில்லை. வேறு பிரதியும் இல்லை. இதனை மறைத்து நிற்பது என்று ஆறுதல் சொல்ல வழியில்லை. கெட்டது கெட்டதே. மீண்டும் நூல் முழுவதும் சிவப்புக் கோடுகள். நூற்றாண்டுகளாக ஆற்றங்கரையில் வழங்கிய சொற்கள் அத்தனையும் பிழை என்று அடிக்கோடிட்டு நின்றன.

அதை எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் சொன்னோம். ஐயா சற்றுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, சொல்லு போகல்லியே. கோடுதானே. மறுபடி ஒண்ணொண்ணாச் சேப்போம்" என்றார்.

மாலை திரும்பும் வழியில் நமக்குள் ஒரு வினா எழுந்தது. ஐயா மாற்றத்துக்கு அஞ்சுபவர் அல்லர். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தை ஒரே பருவத்தில் மாற்றி எழுதப் பழகி, மாணவரையும் பழக்கியவர். திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு வந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு பட்டை மறைந்ததற்காக மூன்று வாரம் எழுதாமல் இருந்தது ஏன்? நமக்குத் தோன்றும் விடை இது. 1978-இல் மாற்றம் அறிவித்துவிட்டு வந்தது. எது போகிறது, எது வருகிறது என்று பட்டியல் கையில் இருந்தது. கணினியில் ஒன்று மறையும்போது, அது போயிற்றா, இடம் மாறியதா, உள்ளே இருக்கிறதா என்று சொல்வார் இல்லை. திரையில் தெரியாதது எல்லாம் ஒரேவிதமாகவே தெரியாமற்போகிறது. இளையவர் அதனைத் தேடத் தொடங்குகின்றனர். முதியவரோ குறை தம்மிடம் என்று எண்ணிப் பெட்டியை மூடிவைக்கின்றனர்.

வடிவமைப்பாளரையும் குறைசொல்வதற்கில்லை. ஒரே மொழியில் தட்டச்சு செய்வோர்க்கு மிதக்கும் பட்டை திரையை அடைக்கும் இடைஞ்சலே. எல்லார்க்கும் எல்லாம் தோன்றி நின்றால் மேசைத்தளம் சந்தையாகிவிடும். எதைக் காட்டுவது, எதை உள்ளே வைப்பது என்று யாரோ தீர்மானிக்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வாறு உள்ளே வைத்தவற்றை விரித்துக்காட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. தமிழ் கற்பிப்போராகிய நாம் அந்த வேலையைக் கணினித் துறையினர்க்கு உரியது என்று ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. நம் ஆசிரியர்களின் மேசைகளில் அச்சேறாத நூல்கள் எத்தனையோ கிடக்கின்றன.

இயங்குதளத்தை மாற்ற இருப்போர்க்குச் சில குறிப்புகள் சொல்லி முடிக்கிறோம். கடைக்குக் கொடுக்குமுன் மேசைத்தளத்தையும் மொழிப்பட்டியலையும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதன்மையான கோப்புகளில் என்னென்ன எழுத்துருக்கள் பயன்பட்டுள்ளன என்று எழுதிக்கொள்ளுங்கள். தனியே நிறுவிய எழுத்துருக்களின் கோப்புகளை ஆவணங்களோடு சேர்த்துப் பிரதியெடுங்கள். கஸ்டம் டிக் கோப்பினை மறவாதீர்கள். பக்க எண்ணை நம்பிச் சொல்லடைவு அமைத்திருந்தால், முழுநூலையும் எழுத்துரு பதிந்த பிடிஎஃப் வடிவில் ஒன்று எடுத்து வையுங்கள். எழுத்துரு மாறினாலும் அது மாறாது. திஸ்கி போன்ற பழைய குறியேற்றக் கோப்புகள் இருப்பின் இன்றே ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவப்போகிறார்களா, இருப்பதன்மேல் மேம்படுத்தப்போகிறார்களா என்று கேளுங்கள். பின்னதில் அமைப்புகள் பெரும்பாலும் தங்கும், முன்னதில் தங்கா. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் தெருவில் எழுதுகிற முதியவர் ஒருவர் இருந்தால், ஒருமுறை போய்ப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து ஐயா மறுபடி அழைத்தார். சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வருகையில் 'கலுங்கு' என்பதைச் சேர்த்தபின்னும் சில பக்கங்களில் கோடு மறையவில்லையாம். உற்றுப் பார்த்தால் அங்கெல்லாம் 'கலிங்கு' என்றிருந்ததாம். இரண்டும் வழக்கில் உள்ளவைதாம். ஆனால் எந்த ஊரில் எது என்று பிரித்துக் குறிக்காமல் கலந்து எழுதியிருப்பது அச்சுக்குப் போகுமுன் தெரியவந்தது. "பழைய அகராதி இருந்திருந்தா இது கண்ணுல பட்டிருக்காது தம்பி. ரெண்டு ஊருக்குப் போயிட்டு வரணும். ஞாயித்துக்கெழம வண்டி எடுத்திட்டு வாரீங்களா?" என்றார்.

போய்வந்தோம். ஒரு குளத்தின் கரையில் கலுங்கு. ஆறு கல் தொலைவில் அடுத்ததன் கரையில் கலிங்கு. ஐயா அன்று இரவே இரண்டையும் தனித்தனிப் பதிவாக்கிவிட்டார். இப்போது எண்ணிக்கை 3,119.